சீட் மணி: ஊர்ப் பிரச்சினையை ஆராய முதல் பணம் எங்கிருந்து வரும்?

ஊர்க் கிணத்துத் தண்ணி ஏன் திடீர்னு உப்புக் கரிக்குது? எட்டாம் வகுப்போடு பெண் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்? இதையெல்லாம் ஆராய ஒரு பேராசிரியர் நினைத்தால், முதல் செலவுக்கு யார் பணம் தருவார்கள்?

சீட் மணி என்றால் என்ன?

பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து தன் ஆசிரியர்களுக்கே ஆய்வுக்காகத் தரும் சிறு தொகை. களத்துக்குப் போய்வர, மாதிரி சேகரிக்க, உதவியாளருக்குச் சம்பளம் தர எனத் தொடக்கச் செலவுகளுக்கானது.

அரசு அமைப்புகளிடம் கேட்கலாமே?

கேட்கலாம். சமூக அறிவியல் ஆய்வுகளுக்கென்றே மத்திய அரசு 1969-ல் தொடங்கிய ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். இருக்கிறது. ஆனால் அறிவிப்பு, விண்ணப்பம், நிபுணர் குழு எனப் பல கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதற்கட்டத் தரவு கையில் இருந்தால்தான் விண்ணப்பம் எடுபடும். தரவு எடுக்கப் பணம் வேணும். பணம் வாங்கத் தரவு வேணும். இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் சீட் மணி.

சின்னத் தொகையால் என்ன ஆகிவிடும்?

சீட் மணித் திட்டம் இல்லாவிட்டாலும், அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் இதற்கு நல்ல உதாரணம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க, ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது நகரம். மக்கள் புகார் சொல்லியும், தண்ணீர் பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் சொன்னார்கள். 2015-ல் வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழு, கையிலிருந்த நிதியைப் போட்டு 300 பரிசோதனைப் பெட்டிகளை அனுப்பியது. மாதிரி எடுத்தவர்கள் அந்த ஊர் மக்களே. 250-க்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. பல வீடுகளின் தண்ணீரில் ஈயம்! குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் கூடியிருப்பதை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா காட்டினார். அக்டோபரில் நகரம் பழைய நீராதாரத்துக்கே திரும்பியது.

நம்ம நாட்டில்?

2017-ல் திருத்தப்பட்ட நாக் மதிப்பீட்டு முறையில், ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு எத்தனை லட்சம் சீட் மணி தரப்பட்டது என்று பல்கலைக்கழகங்களிடம் கேட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கணக்கில் வந்தது கொடுத்த பணம் மட்டுமே. எந்த ஊருக்கான ஆய்வு, முடிவு அந்த மக்களிடம் போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் அதில் தெரியவில்லை.

அதனால், ஆய்வுக்காக யாராவது கேள்வித்தாளோடு உங்க வீட்டுக் கதவைத் தட்டினால், பதில் சொல்லுங்கள். கூடவே, "இதோட முடிவை எங்க கிராம சபையில எப்போ சொல்வீங்க?" என்றும் கேளுங்கள்.