வேலை பார்த்துக்கொண்டே பட்டம்: முதலில் மணித்தியாலத்தை எண்ணுங்கள்

"சனி, ஞாயிறு மட்டும் வந்தால் போதும்தானே?" தொழில் புரிவோருக்கான கலப்புக் கற்றல் பட்டக் கற்கைநெறி ஒன்றை ஒருங்கிணைப்பவன் என்ற வகையில் ஒவ்வொரு அனுமதிக் காலத்திலும் நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர்கள் ஆசிரியர்கள், தாதி உத்தியோகத்தர்கள், வங்கி ஊழியர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். பதவி உயர்வுக்கோ வேறு வேலைக்கோ பட்டம் தேவைப்படுகிறது. வேலையை விட்டுவிட்டுப் படிக்க வசதியில்லை.

இலங்கைக்கு இது புதிய தேவையல்ல. திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் தொடங்கப்பட்டதே இத்தகையவர்களையும் மனதிற்கொண்டுதான். ஆனால் 2020 இல் கொவிட் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் சூமுக்கு மாறிய பின்னர், 'நிகழ்நிலை' என்ற சொல்லும் 'கலப்புக் கற்றல்' என்ற சொல்லும் ஒன்றாகவே குழம்பிவிட்டன. சூமில் மூன்று மணித்தியாலம் விரிவுரை நடத்துவதால் மட்டும் ஒரு கற்கைநெறி கலப்புக் கற்றலாகிவிடாது. எதைத் தனியே படிப்பது, எதை இணையத்தில் கலந்துரையாடுவது, எதற்காக நேரில் கூடுவது என்பதை முன்கூட்டியே பிரித்துத் திட்டமிடுவதே கலப்புக் கற்றல்.

அந்தத் திட்டம் நேரக் கணக்கில் தொடங்குகிறது. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 50 கற்றல் மணித்தியாலங்கள். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் இதற்குள் அடங்கும். சாதாரண இளமாணிப் பட்டத்துக்கு 90 கிரெடிட்கள், அதாவது 4,500 மணித்தியாலங்கள் வேண்டும். மூன்று வருடத்தில் முடிப்பதென்றால், வருடத்துக்கு 50 வாரங்கள் படித்தாலும் வாரத்துக்கு 30 மணித்தியாலங்கள் தேவை.

முழுநேர வேலையும் குடும்பமும் உள்ள ஒருவரால் இது முடியுமா? வார நாட்களில் தினமும் ஒன்றரை மணித்தியாலம், சனி ஞாயிறில் ஆறு மணித்தியாலம் வீதம் என்று வைத்தாலே ஏறத்தாழ 20 மணித்தியாலங்கள்தான் வரும். அந்த வேகத்தில் பட்டத்துக்கு நாலரை வருடங்கள் செல்லும். மூன்று வருடத்தில் தருவதாகச் சொல்லும் நிறுவனம், மிகுதி மணித்தியாலங்களை மாணவரின் தூக்கத்திலிருந்து எடுக்கிறது, அல்லது பட்டத்தின் தரத்திலிருந்து எடுக்கிறது.

நேரம் இவ்வளவு அரிதானது என்று ஏற்றுக்கொண்டால், நேரடி வகுப்பை வீணாக்க மனம் வராது. முல்லைத்தீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ பஸ் ஏறி யாழ்ப்பாணம் வருபவருக்குப் படவில்லைகளை வாசித்துக் காட்டுவது அநியாயம். வாசித்துக் காட்டக்கூடியதைப் பத்து, பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவுசெய்து முன்பே கொடுத்துவிடலாம். டேட்டா செலவைத் தாங்க முடியாதவர்களுக்காக ஒலிவடிவும் அச்சிடக்கூடிய குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். நேரில் கூடும் நாள் செய்முறைக்கும் விவாதத்துக்கும் மாணவர் எழுதியதை வைத்துத் திருத்திப் பேசுவதற்கும் உரியது.

நாட்காட்டியும் மாணவரின் தொழிலைத் தெரிந்திருக்க வேண்டும். க.பொ.த. பரீட்சைக் கடமைக் காலத்தில் ஆசிரியர்களிடமும், ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பின்போது வங்கி ஊழியர்களிடமும் ஒப்படை கேட்பது, தாமதத்தை நாமே உண்டாக்குவதாகும். இரவுக் கடமை செய்யும் தாதிக்கு ஞாயிறு நள்ளிரவு என்ற ஒரே முடிவு நேரம் பொருந்தாது. அதனால் சமர்ப்பிப்பதற்கு ஒரு நாளைக் குறிப்பதைவிட ஒரு வார அவகாசத்தைக் கொடுப்பதே எங்கள் வழக்கம்.

இடைவிலகல் திடீரென்று நடப்பதில்லை. முதலில் மூடில் தளத்துக்குள் வருவது குறையும், பிறகு வட்ஸ்அப் குழுவில் மௌனம், கடைசியில் பரீட்சைக்கு வராமை. இரண்டு வாரம் உள்நுழையாத மாணவரை யாராவது அழைத்துப் பேச வேண்டும். பாடம் விளங்காததால் நின்றவர்களைவிட, பிள்ளைக்குச் சுகவீனம், இடமாற்றம், தவணைக் கட்டணம் போன்ற காரணங்களால் நின்றவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். பெண்களுக்கு அலுவலகத்துக்குப் பிறகு வீட்டில் இன்னொரு வேலைநாள் தொடங்குகிறது. அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

மதிப்பீட்டில் இந்த மாணவர்களின் பலம் அவர்களது தொழிலனுபவம். முகாமைத்துவக் கோட்பாட்டை மனனம் செய்து எழுதச் சொல்வதைவிட, தமது அலுவலகத்தில் ஒரு கோப்பு ஏன் தாமதமாகிறது என்று ஆராயச் சொன்னால் எழுத்தின் தரமே மாறுகிறது. ஒப்படையைச் செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் இக்காலத்தில், அதன்மேல் ஐந்து நிமிட வாய்மொழிக் கேள்வியும் அவசியமாகிறது.

இவையெல்லாம் விரிவுரையாளரின் சுமையைக் கூட்டும். பதிவு தயாரித்தல், கேள்விகளுக்கு எழுத்தில் பதிலளித்தல், மாணவரை அழைத்துப் பேசுதல் ஆகியவற்றை வேலை நேரமாகக் கணக்கிடாத நிர்வாகத்தில் கலப்புக் கற்றல் ஒரு வருடத்துக்கு மேல் நிலைக்காது. கட்டட வாடகை மிச்சமாகும் என்று மட்டும் எண்ணித் தொடங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எனவே பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பட்டம் வழங்கும் நிறுவனத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் படிக்க வேண்டும்? நேரடி வகுப்பில் என்ன நடக்கும்? நான் பின்தங்கினால் என்னை யார் அழைப்பார்? முதற் கேள்விக்கு எல்லோரிடமும் ஆயத்தமான பதில் இருக்கும். மற்ற மூன்றுக்கும் தடுமாறும் இடத்தில் உங்கள் சேமிப்பைக் கொடுக்காதீர்கள்.