ராத்திரி நன்றாக இருந்த பவளம் காலையில் எலும்புக்கூடு: வீட்டு டேங்க்கில் என்ன நடக்கிறது?

சனிக்கிழமை இரவு லைட்டை அணைக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஞாயிறு காலை காபி டம்ளரோடு வந்து பார்த்தால், பவளத்தின் அடிப்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை. மதியத்துக்குள் அது பாதி உயரம் ஏறிவிட்டது. தோல் உரிந்து தண்ணீரில் நூல் நூலாக மிதக்கிறது. அடையாறிலோ மயிலாப்பூரிலோ ஃபிளாட்டில் கடல்நீர் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கெட்ட காலை இல்லை. உடனே கை ஏதாவது ஒரு மருந்து பாட்டிலைத் தேடும். அந்த அவசரத்தில்தான் மிச்சமும் போய்விடுகிறது.

பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை. அது விலங்கு. சுண்ணாம்பு எலும்பின் மேல் மெல்லிய சதைப் போர்வை. அந்தச் சதைக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அதற்குச் சாப்பாடும் போடுகின்றன, நிறமும் கொடுக்கின்றன.

அதனால் 'வெள்ளையா ஆயிடுச்சு' என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. பாசிகள் வெளியேறி, சதை கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் எலும்பு தெரிவது ஒன்று. இதுதான் வெளிறுதல். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் வெப்பத்தால் பெரிய அளவில் நடந்தது இதுதான். பவளம் அப்போது உயிரோடுதான் இருக்கும், சூழல் சரியானால் தேறவும் செய்யும். இன்னொன்று, சதையே கழன்று விழுவது. கழன்ற இடம் செத்த இடம்.

வித்தியாசம் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, போன் கேமராவில் ஜூம் செய்யுங்கள். வெள்ளைக்கு மேல் ஈரப் படலமும் குட்டி உணர்கொம்புகளும் தெரிந்தால் வெளிறுதல். எலும்பின் குழிகள் கூர்மையாக, சுத்தமாகத் தெரிந்தால் சதை போய்விட்டது. அந்த இடத்தில் சில நாளில் பச்சைப் பாசி படியும்.

சில மணி நேரத்திலோ ஒரே நாளிலோ உரிந்தால் டேங்க் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.என். என்பார்கள். வாரக்கணக்கில் மெதுவாக ஏறினால் எஸ்.டி.என். பேரைக் கேட்டால் நோய் மாதிரி இருக்கும். ஆனால் இது 'காய்ச்சல்' என்று சொல்வது போலத்தான், காரணத்தைச் சொல்லாது. 2014-ல் அமெரிக்காவின் மயாமி அருகே தொடங்கிய சதை இழப்பு நோய் 20-க்கும் மேற்பட்ட பவள இனங்களைத் தாக்கி, கரீபியன் கடல் முழுக்கப் பரவியது. இத்தனை வருட ஆராய்ச்சிக்குப் பிறகும் இந்தக் கிருமிதான் என்று உறுதியாகக் கைகாட்ட முடியவில்லை. அதனால் வீட்டில் உட்கார்ந்து 'எந்தக் கிருமி?' என்று யோசிப்பது வீண். கேட்க வேண்டியது, 'போன பத்து நாளில் என்ன மாறியது?'

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: ஒரு பவளமா, பலவா? ஒன்று மட்டும் என்றால் தண்ணீரைச் சந்தேகிப்பதற்கு முன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். பக்கத்துப் பவளம் இரவில் கொட்டியிருக்கலாம், மீன் கொத்தியிருக்கலாம், சதை தின்னும் தட்டைப்புழு ஒளிந்திருக்கலாம். லைட் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு பார்த்தால் பல குற்றவாளிகள் கையும் களவுமாக மாட்டும். பல பவளங்கள் ஒரே நேரத்தில் என்றால் பிரச்சினை தண்ணீரில்.

சென்னைத் தண்ணீரில் சந்தேகப் பட்டியல் கொஞ்சம் நீளம். முதலில் ஆல்கலினிட்டி, அதாவது பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட் சரக்கு. 7 முதல் 9 டி.கே.எச். வரை எங்கே இருந்தாலும் பரவாயில்லை, ஒரே இடத்தில் நிற்க வேண்டும். உப்பு பிராண்டை மாற்றி, பெரிய அளவில் தண்ணீர் மாற்றி, ஒரே நாளில் 7-லிருந்து 11-க்குத் தூக்கினால் நுனி கருகும், அடி உரியும். பெரும்பாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்து, கத்திரி வெயில். டேங்க் 30 டிகிரியைத் தாண்டினால் பவளம் திணறும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். ஃபேன் வைத்தால் சூடு இறங்கும், ஆனால் ஆவியாவது கூடும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. 200 லிட்டர் டேங்க்கில் 10 லிட்டர் போனால் 35-ல் இருந்த உப்பின் அளவு 37-ஐத் தொடும். அதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரே ஊற்றிக்கொண்டிருந்தால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊறுகாய் போடுகிறீர்கள்.

பெசன்ட் நகர் கடலில் கேன் பிடித்து வருபவர்களும் உண்டு. மழைக்குப் பிறகு மட்டும் வேண்டவே வேண்டாம். அடையாறு ஊர்ச் சாக்கடையை எல்லாம் சுமந்துகொண்டு அங்கேதான் கலக்கிறது.

கரண்ட் கட்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது முதலில் தீர்வது ஆக்சிஜன். இன்வெர்ட்டரில் லைட்டை விட்டுவிட்டு, தண்ணீரைச் சுழற்றும் பம்ப்பை மட்டும் மாட்டுங்கள். பெயின்ட், கொசு மருந்துப் புகை, துரு ஏறிய காந்தம் இதையெல்லாம் ஒருமுறை யோசித்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது குறைவுதான். உப்பு, வெப்பம், ஆல்கலினிட்டி மூன்றையும் அளந்து எழுதுங்கள். அதே வெப்பமும் உப்பும் உள்ள புதிய தண்ணீரை 15, 20 சதவீதம் மாற்றுங்கள். கார்பன் போடுங்கள். எண்கள் தப்பாக இருந்தாலும் ஒரே இரவில் திருத்தாதீர்கள். ஃப்ளோரிடாவில் அமாக்சிசிலின் தடவினார்களே என்று மெடிக்கல் ஷாப் மாத்திரையைப் பொடித்துக் கொட்டாதீர்கள். அங்கே அனுமதி பெற்ற நிபுணர்கள் புண்ணின் மேல் மட்டும் பசையாகப் பூசினார்கள். நீங்கள் டேங்க்கில் கொட்டினால் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவும் சாகும், அமோனியா ஏறும்.

செத்த பவளத்தை எடுக்கும்போதும் கவனம். வீடுகளில் சாதாரணமாக வளரும் பொத்தான் வடிவ சோயாந்தஸ் வகைகள் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் டேங்க்கைச் சுத்தம் செய்த ஒரு வீட்டில் குடும்பமே மருத்துவமனை போனது. உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களுக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. கல்லை வெந்நீரில் போட்டு, பிரஷ்ஷால் தேய்க்கும் வேலை வேண்டாம். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

இதுவரை சொல்லாத சங்கடம் ஒன்று இருக்கிறது. கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். பிடிப்பதும் விற்பதும் குற்றம், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 'இம்போர்ட் சார்' என்று கடைக்காரர் சொன்னால் பேப்பரைக் கேளுங்கள். எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லாத பவளம், தனிமைப்படுத்தாமல், புழுவோடும் கிருமியோடும் நேராக உங்கள் டேங்க்குக்கு வருகிறது. கேஸ் ஒரு பக்கம், நோய்க்கான வழியும் அதுவேதான். பேப்பர் இல்லாமல் ஏற்கெனவே கையில் இருந்தால் வக்கீலையோ வனத்துறையையோ கேளுங்கள்.

பயந்துபோய், பவளத்தையோ டேங்க் தண்ணீரையோ எலியட்ஸ் பீச்சில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மண்டபம் பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த காப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடல்பாசி, 2008 வாக்கில் குருசடைத் தீவில் உயிரோடு இருந்த பவளங்கள் மேலேயே பாய் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது. பிடுங்கப் பிடுங்க, விட்டுப்போன துண்டுகளிலிருந்து மறுபடி முளைத்தது.