சிறு மோட்டார் சைக்கிள்களின் இஞ்சின் வேறுபாடுகளும் கொள்ளளவை உயர்த்துதலும்

வைக்கோற் கட்டு, பால் கேன், உர மூட்டை, காய்கறிக் கூடை முதலியவற்றை வயலுக்கும் சந்தைக்கும் கொண்டு செல்லக் குடியானவர்கள் பலர் ஒற்றைச் சிலிண்டர் கொண்ட சிறு மோட்டார் வண்டிகளையே நம்பியிருக்கின்றனர். பாரம் மிகுந்து வண்டி மேட்டில் ஏறத் தயங்குமாயின், பெரிய சிலிண்டரை மாட்டிவிட்டால் இழுவை கூடும் என்னும் யோசனை எழுகின்றது. இதற்காகச் செலவிடும் பணம் பயன் தருமா, அன்றி நன்றாக ஓடும் இஞ்சினையும் கெடுத்துவிடுமா என்பதை முன்னரே ஆராய்ந்து கொள்வது நலம்.

கொள்ளளவின் கணக்கு

பிஸ்டன் அடிமட்டத்திலிருந்து உச்சிவரை ஒருமுறை செல்லும்போது அடைத்துச் செல்லும் இடத்தின் பருமனே கொள்ளளவு எனப்படும். சிலிண்டரின் விட்டத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, பின்பு பிஸ்டன் வீச்சின் நீளத்தாலும் 0.7854 என்னும் எண்ணாலும் பெருக்கினால் சி.சி. அளவு கிடைக்கும். 5 சென்டிமீட்டர் விட்டமும் 4.95 சென்டிமீட்டர் வீச்சும் உள்ள இஞ்சின் 97.2 சி.சி. ஆகும். 1985-ல் இந்தியாவில் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வண்டியின் அளவு இதுவே.

படிப்படியாக வளர்ந்த ஓர் இஞ்சின்

ஜப்பானின் ஹோண்டா கம்பெனியார் தம் சிறு இஞ்சினைப் பெருக்கிய முறை கவனிக்கத்தக்கது. 1966-ல் வந்த சி. 50 வண்டியில் விட்டம் 39 மில்லிமீட்டர், வீச்சு 41.4, கொள்ளளவு 49 சி.சி. வீச்சை அப்படியே வைத்து விட்டத்தை 47 ஆக்கியபோது 72 சி.சி. வகை உண்டாயிற்று. 47 மில்லிமீட்டர் விட்டத்துடன் வீச்சு 49.5 ஆனபோது 85 சி.சி. வகை பிறந்தது. அதே வீச்சுடன் விட்டம் 50 ஆகியபோது 97 சி.சி.யும், 52 ஆகியபோது 105 சி.சி.யும் கிடைத்தன. கடைசியிற் கூறியது ஆஸ்திரேலியாவில் தபால்காரர்கள் பல்லாண்டுகள் உபயோகித்த சி.டி. 110 வண்டியின் அளவாகும்.

இக்கணக்கைக் கண்டு, சிலிண்டரை மட்டும் மாற்றினாற் போதும் என்று எண்ணுதல் தவறு. அளவைப் பெருக்கும்போது பெட்ரோலின் அளவு, தலைப்பகுதி, கிளட்ச், பற்சக்கரங்கள் ஆகியவற்றையும் அவ்வளவுக்குத் தக்கவாறு அமைப்பது உற்பத்தியாளர் வழக்கம். சி.டி. 110-ன் சில வகைகளில், மேட்டில் பாரம் இழுப்பதற்கெனத் தாழ்ந்த கியர் வரிசையொன்று தனியாகவே சேர்க்கப்பட்டிருந்தது.

இரு வீச்சும் நான்கு வீச்சும்

கொள்ளளவு மட்டுமே சக்தியைக் காட்டாது. இரு வீச்சு இஞ்சினில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிதல் நிகழும். நான்கு வீச்சு இஞ்சினில் இரு சுற்றுக்கு ஒருமுறையே நிகழும். ஆனால் முன்னதில் எரியாத பெட்ரோலின் ஒரு பங்கு புகையுடன் வெளியே போய்விடும்; எண்ணெயும் கலந்து எரியும். ஓசூரில் உற்பத்தியாகி 1980-ல் வெளிவந்த டி.வி.எஸ். 50 இரு வீச்சு வண்டி. அதன் வழிவந்த எக்ஸ்.எல். சூப்பர் 69.9 சி.சி. கொண்டது. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு வீச்சு வகை, 99.7 சி.சி. கொண்டது. கொள்ளளவு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் உயர்ந்தும், சக்தி உத்தேசமாக மூன்றரைக் குதிரைச் சக்தியிலிருந்து நாலே காலாக மட்டுமே உயர்ந்தது. ஆகையால் இரு வகைகளைச் சி.சி. எண்ணைக் கொண்டு மட்டும் ஒப்பிடலாகாது.

துளை பெருக்குதல் பழுது பார்த்தலே

தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து, கால் மில்லிமீட்டர் அல்லது அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். 50 மில்லிமீட்டர் விட்டம் 50.5 ஆனால் கொள்ளளவு 97.2-லிருந்து 99.1 சி.சி. மட்டுமே ஆகும். இழந்த அழுத்தம் மீளுவதாலேயே வண்டிக்குப் புதிய பலம் வந்ததுபோல் தோன்றுகின்றது. இது செய்யத்தக்க வேலையே. ஆயினும் இதனைக் கொள்ளளவு உயர்த்துதல் என்று கருதலாகாது.

பெரிய சிலிண்டரால் நேரும் தீங்குகள்

அழுத்த விகிதம் 9 உள்ள 97.2 சி.சி. இஞ்சினில் எரியறையின் அளவு 12.15 சி.சி. அத்தலைப்பகுதியை மாற்றாமல் 105.1 சி.சி. சிலிண்டரைப் பொருத்தினால் விகிதம் உத்தேசம் 9.65 ஆகிவிடும். இதனால் உஷ்ணம் மிகும். பாரத்துடன் மெதுவாக மேடேறும்போது இஞ்சினில் தட்டும் ஓசை உண்டாகும். கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றாவிடில் பெட்ரோல் குறைந்த கலவை எரிந்து, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளவும் கூடும். கிளட்ச் தட்டுகளும் கிராங்கின் பேரிங்குகளும் முன்னிலும் விரைவில் தேயும்.

சட்டமும் இதில் உண்டு. பதிவுச் சான்றில் கண்ட விவரம் உற்பத்தியாளர் குறித்ததினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றது. அவ்வாறு மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் இன்ஷூரன்ஸ் தொகை பெறுவதில் தகராறு எழலாம். சில நூறு கிலோமீட்டரில் இஞ்சின் கெட்டு, அறுவடைக் காலத்தில் வண்டி நின்றுபோவதும், விபத்தின் கடன் குடும்பத்தின்மேல் விழுவதும் சிறு நஷ்டமல்ல.

செய்யத்தக்கவை

இழுவை குறைந்ததாகத் தோன்றினால் முதலில் டயரின் காற்று, செயினின் இறுக்கம், பிரேக் உராய்வு, காற்று வடிகட்டி, கிளட்ச் நழுவுதல், சிலிண்டரின் அழுத்தம் ஆகியவற்றை இம்முறையே சோதிக்க வேண்டும். பெரும்பாலான குறைகள் இவற்றிலேயே தீரும். செயினால் ஓடும் வண்டியாயின், பின் பற்சக்கரத்தில் 42 பற்களுக்குப் பதில் 44 பற்கள் உள்ளதைப் பொருத்தலாம். இழுவை உத்தேசம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடும்; அதே அளவு வேகம் குறையும். இதற்காகும் செலவு சிலிண்டர் மாற்றுவதைவிட மிகக் குறைவு. இஞ்சினைத் திறக்கவும் வேண்டுவதில்லை. பாரத்தை இரண்டு நடையாகப் பிரித்துக் கொண்டு செல்வதோ இன்னும் மலிவான வழி.

இவ்வளவும் செய்து பார்த்தும் பாரம் தாங்காதெனில், அவ்வேலைக்கெனவே அமைந்த பெரிய வண்டியை வாங்குவதே சிக்கனமாகும். காளையின் வலிமைக்குத் தக்கபடி வண்டியைப் பூட்டும் உழவர், இஞ்சின் விஷயத்திலும் அதே நிதானத்தைக் கைக்கொள்வாராயின், பணமும் காலமும் ஒருங்கே மிச்சமாகும்.