நீல வெளிச்சத்துக்கும் பருவுக்கும் என்ன பகை?

கையில் அடங்குகிற சின்னக் கருவி. பொத்தானை அழுத்தினால் நீல வெளிச்சம் வரும். சிலவற்றில் சிவப்பும் சேர்ந்து வரும். தினமும் சில நிமிடம் முகத்தில் காட்டினால் பரு அடங்கிவிடும் என்கிறது விளம்பரம். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் அண்ணனோ அக்காவோ உங்கள் வீட்டில் இருந்தால், இதை வாங்கித் தரச் சொல்லி நச்சரிப்பு ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம். "வெளிச்சம் போய்ப் பருவை என்னடா பண்ணும்?" என்று பாட்டி கேட்பார். அருமையான கேள்வி. களிம்பு இல்லை, மாத்திரை இல்லை. வெறும் வெளிச்சம் என்னதான் செய்யும்?

முதலில் பருவுக்குள் போவோம். முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. வளரும் வயதில் சில ஹார்மோன்கள் கூடும்போது அது எண்ணெயை அதிகமாகச் சுரக்கும். உதிரவேண்டிய தோல் செல்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து துவாரத்தை அடைத்துவிடும். அடைபட்ட குழிக்குள் காற்று குறைவு, தீனி ஏராளம். கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம்தான். பரு இல்லாதவர்கள் தோலிலும் இந்தக் கிருமி உண்டு. ஆனால் அடைபட்ட இடத்தில்தான் அது கூட்டம் போடும். உடம்பின் காவல் செல்கள் அதோடு சண்டைக்கு வரும். அந்தச் சண்டையின் சிவப்பும் வீக்கமும் சீழும்தான் பரு. பரு வந்த பையனிடம் "ஒழுங்கா மூஞ்சியக் கழுவு" என்று சொல்கிறவர்களிடம், இந்தக் கதையில் அழுக்கு எங்குமே வரவில்லை என்று சொல்லுங்கள்.

இந்தக் கிருமி வளரும்போது போர்ஃபிரின் என்ற பொருளைத் தானே தயாரிக்கிறது. வளையம்போன்ற மூலக்கூறு அது. அந்த வகை வளையத்தின் நடுவில் இரும்பு அணு உட்கார்ந்தால், நம் ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீம். அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு வளையத்தில் மக்னீசியம் உட்கார்ந்தால், இலைக்குப் பச்சையைத் தரும் குளோரோஃபில். இந்தக் குடும்பமே வெளிச்சத்தை விழுங்குவதில் கெட்டி. பருக்கிருமியின் போர்ஃபிரினுக்கு மிகவும் பிடித்தது சுமார் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, அதாவது ஊதா கலந்த நீலம்.

நீல ஒளியை விழுங்கிய போர்ஃபிரின் அந்த ஆற்றலை வைத்துக்கொள்ள முடியாமல், பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். வாங்கிக்கொண்ட ஆக்சிஜனுக்கு வெறி பிடித்துவிடும்; பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவாகவே அந்த வெறி அதற்கு நீடிக்கும். ஆகவே தூரமாகப் போகமுடியாமல், கிருமியின் சவ்வையும் உள்ளே இருப்பவற்றையும் அங்கேயே கிழித்துப்போடும். தன் வீட்டிலேயே வெடிமருந்தைச் சேர்த்துவைத்த ஆள் கதைதான். நீல வெளிச்சம் வெறும் தீக்குச்சி.

கிருமியிடம் இந்தச் சரக்கு இருப்பதைக் கண்ணாலும் பார்க்கலாம். தோல் மருத்துவர்களிடம் 'வுட் விளக்கு' என்று ஒன்று உண்டு. அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வுட் உருவாக்கிய கறுப்புக் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்துப் புற ஊதாவை மட்டும் வெளியே விடும். இருட்டறையில் அந்த விளக்கை முகத்தில் காட்டினால், கிருமி கூடியிருக்கும் துவாரங்கள் ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிரும். மூக்கைச் சுற்றித்தான் வேடிக்கை அதிகம்.

வெளிச்சத்தை மருந்தாக்கிய பெரிய ஆளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நீல்ஸ் ஃபின்சன், டென்மார்க்கின் ஃபாரோ தீவுகளில் 1860-இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் காசநோய்க் கிருமி சிலருக்கு முகத்தோலையே அரித்துச் சிதைக்கும். கோபன்ஹேகனில் ஃபின்சன் வில்விளக்கு என்ற மின்விளக்கின் கடும் ஒளியை லென்ஸ்களால் குவித்து, அந்தப் புண்களின்மேல் நாள்தோறும் நெடுநேரம் பாய்ச்சினார். ஒளி படும் இடத்தில் ஸ்படிகக் கண்ணாடி ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். ஏன் தெரியுமா? ரத்தம் ஒளியை விழுங்கிவிடும். அழுத்தினால் ரத்தம் விலகி ஒளி ஆழமாகப் போகும். எத்தனையோ பேருக்கு முகம் திரும்பக் கிடைத்தது. 1903-இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு. அடுத்த ஆண்டே, 43 வயதில், இறந்துபோனார்.

புற ஊதாதான் கிருமியைக் கொன்றது என்று எல்லோரும் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். நூறு வருடம் கழித்து, 2005-இல், டென்மார்க் ஆய்வாளர்கள் ஃபின்சனின் பழைய விளக்குகளைச் சோதித்தார்கள். 340 நானோமீட்டருக்குக் கீழான கடுமையான புற ஊதாவை அந்த லென்ஸ்களே தடுத்துவிட்டிருந்தன! அப்படியானால் கிருமியை எது கொன்றது? காசநோய்க் கிருமியிடமும் போர்ஃபிரின் இருந்தது. நம் பருக்கிருமிக்கு நடப்பதேதான் அதற்கும் நடந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விளக்கம்.

ஃபின்சனின் விளக்கு ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். அது கைக்குள் வந்ததற்கு நீல எல்.இ.டி. காரணம். சிவப்பும் பச்சையும் முன்பே வந்துவிட்டன. நீலம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. காலியம் நைட்ரைடு என்ற பொருளோடு மல்லுக்கட்டி அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

சரி, சிவப்பு எதற்கு? செல்போன் டார்ச்சை விரல்நுனியில் ஒட்டிப் பிடியுங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். டார்ச்சின் வெள்ளை ஒளியில் நீலமும் பச்சையும் இருந்தும் அவை விரலுக்குள்ளேயே தீர்ந்துபோகின்றன. சிவப்புதான் மறுபக்கம் வருகிறது. தோலில் நீலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போவதே பெரிது. சிவப்பு இன்னும் ஆழமாகப் போய் வீக்கத்தைத் தணிக்கும் என்று கருதுகிறார்கள்.

பலன் உண்டா? 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 107 பேர் கலந்துகொண்டார்கள். நீலமும் சிவப்பும் சேர்ந்த ஒளியைத் தினமும் காட்டியவர்களுக்கு 12 வாரத்தில் சிவந்து வீங்கிய பருக்கள் சராசரியாக 76 விழுக்காடு குறைந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழுவினர், பருவுக்கான ஒளிச் சிகிச்சை பற்றிய 71 ஆய்வுகளை அலசிப் பார்த்து, உறுதியான சான்று இன்னும் போதாது என்றார்கள். வீங்காத பருக்களான கரும்புள்ளி, வெண்புள்ளிகளுக்கு நீல ஒளியால் பெரிய பயன் இல்லை. அங்கே பிரச்சினை அடைப்புதான். ஆழமான கட்டிகளுக்கு ஒளி எட்டாது. எண்ணெய்ச் சுரப்பும் தொடர்ந்துகொண்டிருக்கும். ஆகவே ஒளி காட்டுவதை நிறுத்தினால் கிருமி மறுபடி குடியேறும்.

சில கறாரான விஷயங்கள். கண்ணை மறைக்காமல் இந்தக் கருவியை முகத்தில் காட்டக் கூடாது. 2019-இல் அமெரிக்காவில் பிரபலமான ஒரு பரு முகமூடியை அதன் நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சில வகைக் கண்நோய் உள்ளவர்களுக்கும், ஒளியால் பாதிப்பைக் கூட்டும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து வரலாம் என்ற கவலைதான் காரணம். பருவுக்கே தரும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் அப்படிப்பட்ட மருந்துதான். கொசு அடிக்கும் ஊதா விளக்கு, கடையில் ரூபாய் நோட்டு பார்க்கும் விளக்கு இவற்றை முகத்தில் காட்டிப் பார்க்கும் விஞ்ஞானி உங்களில் யாராவது இருந்தால், வேண்டாம் ராஜா. அவை புற ஊதா.

கடைசியாக, பழுப்புத் தோல்காரர்களான நமக்கென்றே ஒரு சேதி. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சற்றே பழுப்பான தோல் கொண்டவர்களின் முதுகில் 415 நானோமீட்டர் நீல ஒளியையும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் தனித்தனியாகப் பாய்ச்சினார்கள். சிவப்பு ஒன்றும் செய்யவில்லை. நீலம் பட்ட இடம் கறுத்தது. அந்தக் கறுப்பு மூன்று மாதம்வரை இருந்தது. நிறமி தயாரிக்கும் செல்களில் ஆப்சின்-3 என்ற புரதம் இருந்து நீலத்தை உணர்கிறது என்று 2018-இல் தெரியவந்தது. கண்ணில் ஒளியை அறியும் புரதங்களின் குடும்பம்தான் அதுவும். ஆகவே கருவி வாங்கும் முன் அக்காவும் அம்மாவும் தோல் மருத்துவரிடம் போனால், "பரு போன இடத்தில் கறுப்பு நிற்குமா?" என்று கேட்கச் சொல்லுங்கள், எத்தனை நிமிடம் காட்டலாம் என்பதையும் கேட்டுவரட்டும்.