சுவர் எழுப்பும் முன்பே பீரோவுக்கு இடம் பாருங்க!

கடன் வாங்கி, நகையை அடகு வைத்து வீட்டைக் கட்டி முடிப்பாங்க. பால் காய்ச்சிய மறுநாள் பீரோவை உள்ளே கொண்டு போனால் வைக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் கதவு இடிக்கும். மறுபக்கம் ஜன்னல் மறைக்கும். கடைசியில் பீரோ நடு ஹாலுக்கு வந்துவிடும். நம்ம ஊரில் பாதி வீடுகளில் இதுதான் கதை.

'முதல்ல வீடு எழும்பட்டும், உள் வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நினைப்பதுதான் இதற்குக் காரணம். பெரிய பங்களாவுக்கு அது சரிப்படும். சின்ன வீட்டுக்கு சரிப்படாது.

2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 360 சதுர அடி, ரூ.3.50 லட்சம் என்று நிர்ணயித்தார்கள். 20 அடிக்கு 18 அடி என்றால் 360 சதுர அடி. சுற்றிலும் 9 அங்குல சுவர் எழுப்பினால் உள்ளே மிஞ்சுவது 305 சதுர அடிதான். சுவரே 55 சதுர அடியைத் தின்றுவிடும். நடுவில் தடுப்புச் சுவர் வைத்தால் இன்னும் குறையும். மிச்சத்தில்தான் அஞ்சு பேர் படுக்கணும், சமைக்கணும், பிள்ளைங்க படிக்கணும்.

கோலமாவு போதும்

இதற்கு இன்ஜினீயர் தேவையில்லை. பேஸ்மட்டத்துக்கு மண் நிரப்பி சமப்படுத்தியதும், அதன் மேலேயே கோலமாவால் கோடு போடுங்க. கட்டில், பீரோ, அடுப்பு எல்லாவற்றையும் நிஜ அளவில் வரையணும். பாயை விரித்து எத்தனை பேர் படுக்க முடியுது என்று பாருங்க. அப்புறம் கதவுக்கு இடம் குறிங்க.

9 அடி சுவரின் நடுவில் 3 அடி கதவு வைத்தால் இரண்டு பக்கமும் மூணு மூணு அடிதான் மிஞ்சும். திறந்த கதவே அதில் ஒரு பக்கத்தை மறைத்துவிடும். அதே கதவை மூலையில் இருந்து அரை அடி தள்ளி வைத்தால், திறக்கும்போது பக்கத்துச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இந்தப் பக்கம் 5½ அடி சுவர் முழுசாகக் கிடைக்கும். பீரோவும் நிற்கும், பக்கத்தில் தையல் மெஷினும் நிற்கும். இதில் ஒரு ரூபாய் கூட கூடுதல் செலவு இல்லை.

பரண் கதையும் இதுதான். 7 அடி உயரத்தில் லிண்டல் போடும்போதே கம்பியை வெளியே நீட்டி, பரணையும் சேர்த்து கான்கிரீட் போட்டுடணும். அப்புறம் போடலாம் என்றால் சுவரை உடைக்கணும். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் பரண் வேண்டாம்.

சமையல் மேடை உயரத்தை கொத்தனார் வழக்கமான கணக்கில் போட்டுவிடுவார். வருஷக்கணக்கில் இடுப்பு வலியோடு நிற்கப்போவது வீட்டுப் பெண்கள்தானே? அவங்களை நிற்க வைத்து, மடக்கிய முழங்கைக்கு 4 அங்குலம் கீழே செங்கல் துண்டால் கோடு போடச் சொல்லுங்க.

தளம் போடும் முன்பு

எலக்ட்ரீசியனை பூச்சு வேலை நேரத்தில் கூப்பிடுவது நம்ம வழக்கம். அது தப்பு. மேல்தளத்துக்குக் கம்பி கட்டும்போதே அவர் வந்தாகணும். ஃபேன் பாக்ஸும் பைப்பும் கான்கிரீட்டுக்குள் புதையணும். ரூம் நடுவில் ஃபேன் என்பது கட்டாயம் இல்லை, படுக்கிற இடத்துக்கு மேலே இருந்தால்தான் காற்று வரும். தளம் காய்ந்த பிறகு நினைத்தால் சுவரெல்லாம் ஒயர் பட்டிதான் ஓடும்.

பிளக் மறந்துபோச்சு என்று 4½ அங்குல சுவரில் படுக்கையாக நீளமாகக் காடி வெட்டுவதும் ஆபத்து. சுவரின் பலமே போய்விடும். தூண், பீம், லிண்டலில் கை வைக்கவே கூடாது. மிக்சி, பிரிட்ஜ், டி.வி. எங்கே என்று முதலிலேயே சொல்லிடுங்க. கரண்ட் அடுப்பு வைப்பதாக இருந்தால் அதற்குப் பெரிய பிளக், தனி ஒயர் வேணும்.

வயசானவங்க இருக்கிற வீட்டில் பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே வழுக்கி விழுந்தவங்க கதவை அடைத்துக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

இன்னொன்று, மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்கில் கூலி பேசும்போதே பரண், ஷெல்ஃப், சமையல் மேடை எல்லாம் அதில் சேருமா என்று கேட்டு எழுதி வாங்கிக்குங்க. எழுதாமல் விட்டால், பாதி வீடு எழும்பி நிற்கும்போது 'அது எக்ஸ்ட்ரா வேலை' என்று தனிக் கணக்கு வரும்.