ஏழு நாடுகள் குடியிருக்கும் தெரு!

ஏழு நாடுகளைச் சுற்றிப் பார்க்க எத்தனை நாள் ஆகும்? கப்பல் ஏற வேண்டும். ரயில் ஏற வேண்டும். கை நிறையப் பணமும் வேண்டும். ஆனால், ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு சின்னத் தெரு இருக்கிறது. அங்கே ஏழு நாட்டு வீடுகளையும் ஐந்தே நிமிஷத்தில் பார்த்துவிடலாம்!

ஆம்ஸ்டர்டாமின் மியூசியம் வட்டாரம் உலகப் புகழ் பெற்றது. ரைக்ஸ்மியூசியம் என்ற பெரிய மாளிகை அங்கே 1885-ல் திறக்கப்பட்டது. ரெம்பிராண்ட் தீட்டிய ஓவியங்களைப் பார்க்க எல்லா நாட்டு ஜனங்களும் அங்கே வருகிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வருவதுதான் ரூமர் விஸ்ஸர் தெரு. 400 ஆண்டுகளுக்கு முன் அந்த நகரில் வாழ்ந்த ஒரு வியாபாரியின் பெயர் அது. அவர் கவிஞரும்கூட.

வெங்காயக் கோபுரம்

இந்தத் தெருவில் 20-ம் எண்ணிலிருந்து வரிசையாக ஏழு வீடுகள். 1894-ல் கட்டியவை. கட்டடக் கலைஞரின் பெயர் ட்ஜியர்ட் கைப்பர்ஸ். ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு நாட்டுப் பாணியில் அவர் அமைத்தார்.

ருஷ்ய வீட்டின் உச்சியில் வெங்காயம் போலக் குவிந்த கோபுரம். ஸ்பெயின் வீட்டில் அராபிய அரண்மனையின் சாயல். இத்தாலி வீடு ஒரு பிரபுவின் மாளிகை போல நிற்கிறது. பிரெஞ்சு வீடு ஒரு குட்டிக் கோட்டை. இங்கிலாந்து வீடோ அடக்கமான கிராமத்து வீடு. ஜெர்மன் வீடும் ஹாலந்து வீடும் அந்தந்த நாட்டுப் பழைய பாணியில் அமைந்தவை.

இவை வேடிக்கைக்காக வைத்த பொம்மைகள் அல்ல. ஜனங்கள் குடியிருப்பதற்காகக் கட்டிய வீடுகள்.

யுத்தம் வந்தது

வீடுகள் கட்டி 20 ஆண்டுகள் ஆயின. 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. ஜெர்மனி ஒரு பக்கம். ருஷ்யா, பிரான்ஸ், இங்கிலாந்து மறு பக்கம். லட்சக்கணக்கான வாலிபர்கள் மாண்டார்கள். ஹாலந்து அந்த யுத்தத்தில் சேரவில்லை.

இரண்டாவது யுத்தத்தில் ஹாலந்தும் தப்பவில்லை. 1940 மே 10-ந் தேதி ஜெர்மன் படைகள் உள்ளே புகுந்தன. ஐந்து ஆண்டுகள் அன்னிய ஆட்சி. 1944-ம் ஆண்டுக் கடைசியில் கொடிய பஞ்சம் வந்தது. ஆம்ஸ்டர்டாம் ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். குளிர் காய விறகு இல்லை. காலி வீடுகளின் மரச் சட்டங்களைப் பெயர்த்து எரித்தார்கள். 1945 மே மாதம்தான் விடுதலை கிடைத்தது.

அவ்வளவு துன்பத்துக்குப் பிறகும், ஜெர்மன் வீட்டை யாரும் இடித்துத் தள்ளவில்லை. ஹாலந்து வீடு இருக்கும் அதே வரிசையில் அது இன்றும் நிற்கிறது.

ஏழு வீடுகளுக்கும் ஏழு முகம். ஆனால் மழை வந்தால் ஏழும் சேர்ந்தே நனைகின்றன. வெயில் வந்தால் சேர்ந்தே காய்கின்றன. அண்டை வீட்டார் என்றால் அப்படித்தானே!