உங்களுக்குத் தெரியுமா? பிணப் படத்தில் பிறந்த காதல் நாவல்

டோனி மாரிசனின் ‘ஜாஸ்’ (1992) நாவலுக்கு விதை ஒரு புகைப்படம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இறந்தவர்களைப் படமெடுத்தவர் ஜேம்ஸ் வான் டெர் ஸீ. அவருடைய படங்கள் 1978இல் நூலாக வந்தபோது முன்னுரை எழுதியவர் மாரிசன்தான். அந்த நூலின் ஒரு படத்தில் ஓர் இளம்பெண்ணின் சடலம். காதலன் சுட்டிருக்கிறான், அவன் தப்பிக்கட்டும் என்று சாகும்வரை அவள் அவனுடைய பெயரைச் சொல்லவில்லை!

நாவலில் சுடுபவன் ஜோ, ஐம்பது வயது கடந்தவன். செத்த பெண்ணின் முகத்தைக் கீற, அவன் மனைவி வயலெட் கத்தியோடு சவ அடக்கத்துக்கே போய்விடுகிறாள். கணவன் மனைவி இருவரும் 1906இல் வர்ஜீனியாவிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலேறி வந்தவர்கள். அவர்களைப்போலவே அமெரிக்கத் தெற்கின் இனவெறியிலிருந்து விலகி, 1910 முதல் 1970 வரை வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போன கறுப்பின மக்கள் ஏறக்குறைய 60 லட்சம். ஜாஸ் இசையும் அவர்களோடு பயணித்தது.

கொலையை ஆரம்பத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறார் மாரிசன். பிறகு அதே சம்பவத்தை ஆளுக்கொரு குரலில், ஜாஸ் கலைஞர்கள் ஒரே மெட்டை மாறி மாறி வாசிப்பதுபோல, விரித்துக்கொண்டே போகிறார். பெயரில்லாத கதைசொல்லியும் லேசுப்பட்டதல்ல: இன்னொரு கொலை நடக்கும் என்று நம்மை மிரட்டிவிட்டு, கடைசியில் தன் கணிப்பு பொய்த்ததை ஒப்புக்கொள்கிறது.